ஸ்டீராய்டு நாட்களில் பிள்ளையின் கோபமும் பசியும்

லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சையின் முதல் கட்டத்தில் பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏறக்குறைய 4 வாரம் தினமும் கொடுப்பார்கள். சில நாளிலேயே பிள்ளை மாறும்: காரணமில்லாத அழுகை, அடி, கடி, ராத்திரி 2 மணிக்குச் சோறு. இது மருந்தின் வேலை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட" என்று ஆச்சி சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். கடைசி வேளையைச் சாயங்காலம் 4 மணிக்குள் முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்; தூக்கம் கொஞ்சமாவது மிஞ்சும்.

கூழ்வத்தல், ஊறுகாய் என்று உப்பாகவே கேட்டு நச்சரிக்கும். உப்பு நீரைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். உப்பு குறைத்த சொதியும் சோறும், நன்றாக வெந்த முட்டை, பருப்பு என்று சின்னக் கிண்ணத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுங்கள். அல்வாவோடு வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே சமாளியுங்கள். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும்.

கத்தும்போது அறிவுரை எடுபடாது. டிவியை அணைத்து, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். "இட்லியா, தோசையா?" என்று இரண்டே தேர்வு போதும். ஆனால் தம்பியை அடித்தால் கையைப் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும்.

கோபம் தாங்காமல் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி மருந்தால் ஓய்ந்திருக்கும்; திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இல்லாததைப் பார்ப்பதாகவோ, செத்துப்போகிறேன் என்றோ சொன்னால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும், 100.4 டிகிரி தொட்டாலோ, காய்ச்சலே இல்லாமல் சுருண்டு படுத்தாலோ ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.