அயர்லாந்து பப்பில் சாப்பிடப் போகும் நம்மூர்க்காரர்களுக்கு

கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகும் பிள்ளைகளுக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு அழைப்பு வரும். வார்டில் யாரோ ஓய்வு பெறுகிறார், எல்லாரும் பப்பில் சாப்பிடுகிறோம், நீயும் வா என்பார்கள். உடனே எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வரும்: "அண்ணே, அது சாராயக்கடைதானே? போனா வீட்ல திட்டுவாங்களே?" போகலாம் மக்களே. கார்க் நகரத்தில் ஒரு பப்பில் முதலில் பாத்திரம் கழுவி, அப்புறம் தட்டு தூக்கி, பல வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

முதலில் டாஸ்மாக் பாரை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பகலில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து சூப் குடித்துவிட்டுப் போகிற இடம் அது. 2004 மார்ச்சிலிருந்து உள்ளே புகைபிடிக்கத் தடை, அதனால் அந்த நாற்றமும் கிடையாது. குடிக்காதவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. வாய் திறந்து கேட்காதவர்தான் அங்கே பட்டினி கிடப்பார்.

ஏனென்றால் நம்மாட்கள் செய்கிற காரியம் இதுதான்: நல்ல பிள்ளையாக மூலையில் ஒரு மேசையைப் பிடித்து, யாராவது வருவார்கள் என்று காத்திருப்பது. சில பப்பில் வருவார்கள், பல பப்பில் வரமாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் நேராக கவுண்டருக்குப் போய், சாப்பிட வந்திருக்கிறோம், எங்கே உட்காரட்டும், ஆர்டரை இங்கே சொல்லவா மேசையில் சொல்லவா என்று கேட்டுவிடுங்கள். கவுண்டரில்தான் என்றால் மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பணம் கட்டிவிட்டு வந்தால் சாப்பாடு மேசைக்கு வரும். கவுண்டரில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பிறகு யார் என்று நிற்கிறவர்களுக்கும் தெரியும், ஊற்றுகிறவருக்கும் தெரியும். கை தட்டுவது, ரூபாய் நோட்டை ஆட்டுகிற மாதிரி யூரோவை ஆட்டுவது எல்லாம் வேண்டாம். அவர் உங்களைப் பார்க்கும்போது தலையை லேசாக அசைத்தால் போதும்.

நேரம் முக்கியம். பார் நள்ளிரவு வரை திறந்திருக்கலாம், அடுப்பை இரவு எட்டு, ஒன்பது மணிக்கே அணைத்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் அடுப்பு ஓய்கிற பப்புகளும் உண்டு. டியூட்டி முடிந்து ஒன்பதரைக்குப் போனால் பாக்கெட் சிப்ஸ்தான் கிடைக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஞாயிறு மதியம் கார்வெரி. பூசை முடிந்து வருகிற கூட்டம் அது, நம் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை இறைச்சிச் சாப்பாட்டின் அதே பசி. நீங்களே ட்ரேயை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளைக் கோட்டுப் போட்ட சமையல்காரர் விளக்குச் சூட்டின் கீழே வைத்திருக்கும் பெரிய மாட்டிறைச்சித் துண்டிலிருந்தோ வான்கோழியிலிருந்தோ ஹாம் என்கிற பன்றி இறைச்சியிலிருந்தோ உங்கள் கண் முன்னே சீவிப் போடுவார். அப்புறம் மசித்த உருளைக்கிழங்கு ஒரு கரண்டி, அதன் பக்கத்திலேயே வறுத்த உருளைக்கிழங்கு, கேட்டால் மேலே சிப்ஸும் (பாக்கெட் சிப்ஸ் அல்ல, நீளமாக நறுக்கிப் பொரித்த கிழங்கு) வைப்பார். ஒரே தட்டில் மூன்று விதம். சிரிக்காதீர்கள், நமக்கு மரச்சீனிக் கிழங்கு எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்துப்போன நாடு. தட்டில் கிழங்கை மிச்சம் வைத்தால் வயதானவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் கிரேவி ஊற்றவா என்பார். ஊற்றச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் இறைச்சி தொண்டையில் இறங்காது.

மெனுவில் எதைத் தொடலாம் என்பதற்கு வருவோம். ஐரிஷ் ஸ்டூ நம் நாக்குக்குப் பழக எளிது. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், காரட் எல்லாம் குழைய வெந்த குழம்பு, காரம் மட்டும் இருக்காது. மீனும் சிப்ஸும் யாருக்கும் பிடிக்கும். பெரும்பாலும் காட் அல்லது ஹேடக் மீன், மாவில் தோய்த்துப் பொரித்தது, முள் இருக்காது. குளச்சலில் நெய்மீன் தின்று வளர்ந்தவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும், எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள். சௌடர் என்கிற மீன் சூப்பில்தான் நம் அம்மாமார் தடுக்கி விழுவார்கள். மீனையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள், அதுவோ கிரீமில் மிதக்கும் சால்மனும் சிப்பியும். மனத்தடை இல்லாதவர்கள் கட்டாயம் சாப்பிடுங்கள், கூட வரும் பழுப்பு ரொட்டிக்காகவாவது. ஈஸ்ட் போடாமல், மோரும் சோடா உப்பும் சேர்த்துச் சுடுகிற ரொட்டி. மேலோடு கரகரவென்று, உள்ளே ஈரப்பதமாக இருக்கும். உப்பு வெண்ணெயைக் கஞ்சத்தனமில்லாமல் தடவி, சூப்பில் முக்கித் தின்ன வேண்டும்.

கறி என்று மெனுவில் பார்த்ததும் துள்ள வேண்டாம். மஞ்சளாக, லேசாக இனிக்கிற சாறு அது. பாதி சோறு பாதி சிப்ஸ் வேண்டுமா என்று வேறு கேட்பார்கள், கேலி இல்லை, நிஜமாகவே அப்படித்தான் தின்கிறார்கள். காரம் வேண்டுமென்றால் டபாஸ்கோ என்கிற மிளகாய் சாஸ் பாட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். ஊறுகாய் டப்பாவைப் பையிலிருந்து எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

விலக்குகள் உள்ளவர்கள் கவனிக்க. பிளாக் புட்டிங் என்பது பன்றி இரத்தத்தில் செய்தது, இனிப்பு அல்ல. ரேஷர் என்றாலும் பன்றிதான். கின்னஸ் ஸ்டூவில் கின்னஸ் என்கிற கறுப்பு பீர் இருக்கும், டிரைஃபிள் இனிப்பில் ஷெரி என்கிற ஒயின் இருக்கலாம், பெய்லிஸ் சீஸ்கேக்கில் விஸ்கி கிரீம், ஐரிஷ் காபியில் விஸ்கியே இருக்கும். தக்கலை நண்பர்களுக்கு: ஹலால் என்று எழுதியிருந்தால் ஒழிய இறைச்சி ஹலால் என்று எண்ண வேண்டாம். சைவக்காரர்கள் காய்கறி சூப்புக்குக் கோழி வேகவைத்த சாறு ஊற்றியிருக்கிறதா, சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் மீனும் பொரிக்கிறார்களா என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஒவ்வாமை இருந்தால் கவலை குறைவு. இறால், முட்டை, கடுகு, எள் உட்பட 14 பொருட்களில் எது எந்த உணவில் சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். மெனுவில் உணவின் பெயர் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்கள் பெரும்பாலும் அதற்குத்தான்.

குடிக்க என்ன வேண்டும் என்று ஒருவர் எல்லாரையும் கேட்டால் அந்தச் சுற்றுக்கு அவர் பணம் கட்டுகிறார் என்று அர்த்தம், அடுத்த சுற்றில் உங்கள் முறை வரும். சம்பளம் வராத மாதமென்றால், எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று முதல் சுற்றிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். நம்மூர் போஞ்சி (எலுமிச்சை ஜூஸ்) கிடைக்காது. கிளப் ஆரஞ்ச் என்கிற ஆரஞ்சு சோடா வாங்கலாம், அந்தக் கம்பெனியின் ராக் ஷாண்டியும் வாங்கலாம், பெயர்தான் ஷாண்டி, மது இல்லை. வெறும் ஷாண்டி என்றால் பீர் கலந்தது. டீ கேட்டால் ஒரு சின்னக் கெட்டிலும் தனியாகப் பாலும் வரும். குழாய்த் தண்ணீர் கேட்டால் காசு வாங்காமல் தருவார்கள். பக்கத்தில் யாராவது கின்னஸ் கேட்டால் ஊற்றுவதை வேடிக்கை பாருங்கள். கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி நிரப்பி அப்படியே வைத்துவிடுவார், உள்ளே பழுப்பு நுரை கீழ்நோக்கி இறங்குவதுபோல் தெரியும், கறுத்துத் தெளிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார். அந்த நேரத்தில் அவரை அவசரப்படுத்தினால் உங்களுக்குத்தான் மரியாதை போகும்.

தட்டு வந்து கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து, எல்லாம் சரியா என்று கேட்பார். நம்மாட்கள் பல்லைக் காட்டித் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் போனில் புலம்புவார்கள். தட்டு தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வி சும்மா கேட்பதல்ல. இறைச்சி உள்ளே ஆறியிருக்கிறதா, கேட்டது வேறு வந்தது வேறா, அப்போதே சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, மன்னிக்கணும், இது கொஞ்சம் ஆறியிருக்கு என்றால் போதும், உள்ளே கொண்டுபோய் மாற்றித் தருவார்கள். முழுவதும் தின்றுவிட்டு பில் வரும்போது சொன்னால்தான் சமையல்காரருக்குக் கோபம் வரும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. மேசைக்கு வந்து நன்றாகக் கவனித்தால் பத்து சதவீதம் வைக்கலாம், கூட்டமாகப் போனால் பில்லிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வையுங்கள். கவுண்டரில் வாங்குவதற்குத் தேவையில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இரவு ஒன்பதுக்குள் கிளம்பிவிட வேண்டும், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் சட்டம் அப்படி. பாட்டு நடக்கிற பப்பில் மூலையில் காலியாகத் தெரியும் நாற்காலிகள் வாசிக்கிறவர்களுடையவை, உட்காராதீர்கள்.

பெரிய வெள்ளியன்று 2018-க்கு முன்பு பப்பில் மது விற்கக் கூடாது, இப்போது மற்ற நாள் மாதிரியே நடக்கிறது, ஒருசந்தி நோன்பு இருப்பவர்களுக்கு மீன் சாப்பாடு கிடைக்கும். கிறிஸ்துமஸ் நாளில் மட்டும் பப் கிடையாது, அன்றைக்கு வேண்டிய கோழியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.