லைவ் ராக்ல ஏப்டேசியா முளைச்சிருக்கா? அவசரப்பட்டு இதையெல்லாம் பண்ணிடாதீங்க

மரைன் டேங்க், அதாவது கடல் தண்ணித் தொட்டி வச்சிருக்கவங்க கிட்ட பேசுனா பாதி பேர் ஏப்டேசியான்னு சொன்னதுமே முகத்தை சுளிப்பாங்க, மீதி பேர் அது என்னன்னே தெரியாம வளர்த்துட்டு இருப்பாங்க. ஏப்டேசியாங்கிறது ஒரு சின்ன அனிமோன், அதாவது பாறையில ஒட்டிக்கிட்டு பூ மாதிரி விரியுற கடல் ஜீவன். லைவ் ராக் (கடல் உயிர்களோட வர்ற பாறை) வாங்கிட்டு வந்து போட்ட கொஞ்ச நாள்ல பாறை இடுக்குல லேசான பழுப்பு கலர்ல, உள்ள இருக்கிறது தெரியுற மாதிரி மெல்லிசான உடம்போட, மேல நீளமா கூர்மையான டென்டக்கிள்ஸோட (விரல் மாதிரி நீட்டுற உறுப்பு) ஒண்ணு தலையை நீட்டும். பாக்க அழகாத்தான் இருக்கும். "அனிமோன் ஃப்ரீயாவே வந்துடுச்சே, ரெண்டு க்ளவுன்ஃபிஷ் வாங்கி விட்டுடலாம்"னு சந்தோஷப்படுறவங்க நிறைய பேர். முதல் தப்பே அதுதான். கடல்ல க்ளவுன்ஃபிஷ் குடியிருக்கிற அனிமோன் வகைன்னு சொல்றது மொத்தமே 10தான், அந்த லிஸ்ட்ல ஏப்டேசியா கிடையாது. அதை விட்டு வச்சா அது பக்கத்துல இருக்கிற கோரலை, அதாவது பவளத்தைக் கொட்டும், இடத்தைப் புடிக்கும், பெருகும்.

ஒண்ணே ஒண்ணுதானே, அப்புறம் பாத்துக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். பவளப்பாறை வெளுத்துப் போறது ஏன்னு ஆராய்ச்சி பண்றவங்க லேப்ல கோரலுக்கு பதிலா இந்த ஏப்டேசியாவத்தான் வச்சு வேலை பண்றாங்க, 2015ல இதோட ஜீனோமையே, அதாவது மொத்த மரபணுத் தொகுப்பையே படிச்சு வெளியிட்டாங்க. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாங்கன்னா கோரல் மாதிரியே இதுக்குள்ளயும் பாசி குடியிருக்கு, அதோட வளர்க்குறது ரொம்ப சுலபம், ஒரே ஒரு அனிமோன்ல இருந்து வந்த குளோன் கூட்டத்தையே வருஷக்கணக்கா பெருக்கி வச்சிருக்காங்க. ஜோடி கூட தேவையில்லாம ஒத்த ஆளா பெருகுற ஜீவன் இது. டேங்க்ல ஒண்ணு கண்ணுல பட்டா அன்னைக்கே அதுக்கு ஒரு வழி யோசிக்கணும்.

அதுக்கு முன்னாடி அது ஏப்டேசியாதானான்னு உறுதி பண்ணிக்கோங்க. ட்யூப் வோர்மை ஏப்டேசியான்னு நினைச்சு கொன்னுடுறவங்க இருக்காங்க, பாவம் அது ஒரு தொந்தரவும் பண்ணாது, தண்ணியை வடிகட்டி சாப்பிட்டுட்டு இருக்கும். அதுக்கு கெட்டியான ஒரு குழாய் இருக்கும், மேல இருக்கிறது இறகு மாதிரி கிளை கிளையா பிரிஞ்சிருக்கும். ஏப்டேசியாவுக்கு குழாய் கிடையாது, டென்டக்கிள் ஒவ்வொண்ணும் கிளையில்லாம நுனில கூரா முடியும். இன்னொன்னு மஜானோ அனிமோன், இது குட்டையா குண்டா இருக்கும், டென்டக்கிள் நுனி உருண்டையா உப்பியிருக்கும், பச்சை கலந்த கலர்ல வரும், க்ளவுன்ஃபிஷ் தங்குற பபிள் டிப் அனிமோனோட குட்டின்னு ஏமாந்துடுவாங்க. ஏப்டேசியாவைத் தின்னுற ஜீவன்கள் பெரும்பாலும் மஜானோவைத் தொடாது, அதனால எது இருக்குன்னு தெரியாம ஷ்ரிம்ப்பும் ஸ்லக்கும் வாங்கி விட்டா காசு தண்ணியிலதான் போகும்.

சரி, இருக்கிறதுலயே பெரிய தப்புக்கு வர்றேன். கையால பிடுங்குறது, ப்ளேடால சுரண்டுறது, ட்வீசர்ஸ் வச்சு இழுக்குறது, டூத்பிரஷ் போட்டு தேய்க்கிறது. பாக்கிறவங்களுக்கு இதுதான் நியாயமான வழியாத் தெரியும், ஆனா வயல்ல கோரைப்புல்லை மேல மட்டும் பிடுங்குனா என்ன ஆகுமோ அதுதான் இங்கயும் நடக்கும். ஏப்டேசியா பாறையைப் புடிச்சிருக்கிற அடிப்பாகம் இருக்குல்ல, அதுல இருந்து பிஞ்சு போற சின்னத் துணுக்கு ஒவ்வொண்ணும் தனி அனிமோனா வளரும். யாரும் தொடாதப்பவே அது நகர்ந்து போற வழியில அடிப்பாகத்துல இருந்து துணுக்கு துணுக்கா விட்டுட்டுப் போய்தான் குட்டி போடுது. அப்படி இருக்கிறதை நீங்க ப்ளேடு வச்சு சுரண்டுனா அந்த வேலையை நீங்களே அதுக்கு செஞ்சு குடுக்குறீங்க, அதுவும் வேவ்மேக்கர் (டேங்க்ல அலை மாதிரி தண்ணியை ஓட வைக்கிற பம்ப்) ஓடிட்டு இருந்தா அந்தத் துணுக்கெல்லாம் டேங்க் முழுக்கப் பரவி எந்த எந்த இடுக்குலயோ போய் ஒட்டிக்கும், ஒரு மாசம் கழிச்சு "ஒண்ணை எடுத்தேன், இப்ப இருபது இருக்கு"ன்னு வந்து நிப்பாங்க. சீண்டுனா உடம்புல இருந்து வெள்ளை நூல் நூலா ஒண்ணு வெளிய வரும், பாத்திருப்பீங்க, அது முழுக்க கொட்டுற செல்தான், பக்கத்துல இருக்கிற கோரல் மேல பட்டா அந்த இடம் புண்ணாகிடும்.

அப்ப எப்படிக் கொல்றது? சின்ன எண்ணிக்கைன்னா கால்க்வாஸர் பேஸ்ட், இல்லன்னா கடையில ரெடிமேடா கிடைக்கிற ஏப்டேசியா-எக்ஸ் மாதிரி மருந்து. கால்க்வாஸர்ங்கிறது கால்சியம் ஹைட்ராக்சைடு, வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பும் அதேதான், ஆனா பெட்டிக்கடை சுண்ணாம்புல வேற என்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது, அதை டேங்க்ல போடாதீங்க, ரீஃப் டேங்க்குக்குன்னு, அதாவது கோரல் வளர்க்குற டேங்க்குக்குன்னு விக்கிறதையே வாங்குங்க. ஆர்ஓ தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா குழைச்சு சிரிஞ்ச்ல கஷ்டப்பட்டு இறங்குற பதத்துக்கு கெட்டியா எடுத்துக்கணும். தண்ணியா இருந்தா வாய்கிட்ட போறதுக்குள்ள கலைஞ்சு புகை மாதிரி பரவிடும்.

இந்த இடத்துலதான் நிறைய பேர் சொதப்புறாங்க. பம்ப்பை ஆஃப் பண்ணாமலே ஆரம்பிச்சிடுவாங்க. மருந்து பூரா பக்கத்துல இருக்கிற கோரல் மேல போய் உக்காரும், ஏப்டேசியாவுக்கு ஒண்ணும் ஆகாது. ரிட்டர்ன் பம்ப், வேவ்மேக்கர், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா பிரிச்செடுக்கிற கருவி) எல்லாத்தையும் நிறுத்திட்டு தண்ணி அசையாம ஆகுற வரைக்கும் பொறுங்க. அப்புறம் சிரிஞ்ச்சை பக்கவாட்டுல இருந்து மெதுவா கொண்டு போங்க, மேல இருந்து நிழல் விழுந்தாலே சிலது சுருங்கி ஓட்டைக்குள்ள போயிடும், ஊசி நுனியால டென்டக்கிளை லேசா இடிச்சாலும் அதே கதைதான். உள்ள போயிட்டா துரத்திக்கிட்டுப் போய் ஓட்டைக்குள்ள குத்தாதீங்க, வெளிய வர்ற வரைக்கும் விட்டுடுங்க. நல்லா விரிஞ்சிருக்கும்போது நடுவுல இருக்கிற வாய்க்கு நேர் மேல ஒரு சொட்டு வச்சீங்கன்னா சாப்பாடு வந்திருக்குன்னு நினைச்சு டென்டக்கிள் எல்லாம் உள்பக்கமா மடிஞ்சு அதை வாய்க்குள்ள இழுத்துக்கும். அப்படியே முழுங்கினப்புறம் அது மேலயும் ஓட்டை வாயிலயும் இன்னும் கொஞ்சம் வச்சு மூடிடணும். பத்து பதினஞ்சு நிமிஷமாவது பம்ப் போடாதீங்க, போடுறதுக்கு முன்னாடி மேல நிக்கிற வெள்ளை மிச்சத்தை சின்ன குழாய் வச்சு உறிஞ்சி எடுத்துடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ் கட்டாயம், கண்ணுல பட்டா சாதாரண விஷயம் இல்ல அது.

ஒரே நாள்ல டேங்க்ல இருக்கிற எல்லாத்தையும் முடிச்சுடணும்னு வெறியோட உக்காராதீங்க. கால்க் கரைசலோட பிஎச் 12க்கு மேல, ரீஃப் டேங்க்ல நாம வச்சிருக்கிறது 8.1ல இருந்து 8.4க்குள்ள. நானோ டேங்க் மாதிரி ரொம்ப சின்ன டேங்க்ல நாலு சிரிஞ்ச் பேஸ்ட் போச்சுன்னா பிஎச் எகிறி மீனும் கோரலும் சேர்ந்து அடிவாங்கும், செத்த அனிமோன் அழுகி அம்மோனியா வேற ஏறும். இன்னைக்கு நாலஞ்சு, ரெண்டு மூணு நாள் விட்டு இன்னும் நாலஞ்சுன்னு போனா போதும். அடிச்ச இடத்தையே அடுத்த வாரம் டார்ச் அடிச்சுப் பாருங்க, சரியா சாகாதது இருந்தா சுத்தி குட்டி குட்டியா நிக்கும், அதுங்களையும் சின்னதா இருக்கும்போதே முடிச்சுடுங்க. எலுமிச்சை சாறு, வினிகர், கொதிக்கிற தண்ணின்னு சொல்றவங்களும் உண்டு, சின்னதுக்கு வேலை செய்யும், பெருசுக்கு நான் நம்ப மாட்டேன். ஓட்டையை எப்பாக்ஸியால அடைக்கிறது தனி பாறைன்னா சரிதான், ஆனா லைவ் ராக் உள்ள முழுக்க துளைதானே, வேற பக்கம் வழி கிடைச்சா அங்க வந்து தலையை நீட்டும்.

எண்ணிக்கை கைமீறிப் போச்சுன்னா ஊசியால ஆகாது, தின்னுற ஜீவன்தான் வேணும். ஏப்டேசியாவைத் தின்னுற பெப்பர்மிண்ட் ஷ்ரிம்ப் வாங்கப் போனீங்கன்னா கேமல் ஷ்ரிம்ப்பை குடுத்துடுவாங்க, ரெண்டும் சிவப்பு கோடு போட்டுத்தான் இருக்கும். முதுகு ஒட்டகத் திமில் மாதிரி தூக்கிட்டு, வெள்ளைக் கோடு பளிச்சுன்னு, கண்ணு பெருசா இருந்தா அது கேமல், ஏப்டேசியாவை விட்டுட்டு உங்க ஜோயாந்தஸைத்தான் (கோரலோட வளர்க்குற, கூட்டமா பூ மாதிரி விரியுற ஜீவன்) கடிக்கும். சரியான பெப்பர்மிண்ட்டே வாங்கினாலும் அது பெரிய ஏப்டேசியா கிட்ட அவ்வளவா போகாது, சின்னதைத்தான் தின்னும், அதுவும் பசியில இருந்தாத்தான். தினமும் பெல்லட்டை அள்ளிப் போட்டுட்டு ஷ்ரிம்ப் வேலை செய்யலன்னா அது ஷ்ரிம்ப் தப்பு இல்ல. அந்த மிச்ச சாப்பாடு ஏப்டேசியாவையும் கொழுக்க வைக்குது, அதையும் யோசிங்க.

பெர்கியான்னு ஒரு குட்டி கடல் ஸ்லக் (ஓடில்லாத நத்தை) இருக்கு, ஏப்டேசியாவைத் தவிர வேற எதையும் தின்னாது, வேலையை சுத்தமா முடிக்கும். அதை வாங்குறவங்க பண்ற தப்பு என்னன்னா பெப்பர்மிண்ட்டும் இருக்கட்டும் பெர்கியாவும் இருக்கட்டும்னு ரெண்டையும் ஒண்ணா விடுறது. ஷ்ரிம்ப் ஸ்லக்கைத் தின்னுடும், ராஸ் வகை மீனும் தின்னுடும். பெரிய டேங்க்ல ரெண்டு மூணு மட்டும் விட்டுட்டு அடுத்த வாரம் பாக்குறதும் வீண், ராத்திரிதான் வெளிய வரும், முட்டை போட்டு பெருகி கண்ணுக்குத் தெரியுற மாதிரி குறைய மாசக்கணக்கு ஆகும். நடுவுல பொறுமையில்லாம கால்க் பேஸ்ட்டைத் தூக்காதீங்க. ஏப்டேசியா முழுசா தீர்ந்துட்டா அதுக்கு சாப்பாடே கிடையாது, அப்ப தேவைப்படுற வேற யாருக்காவது குடுத்துடுங்க, பட்டினியில சாக விடாதீங்க.

காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை விஷயத்துல எனக்குக் கோபமே வரும். 100 லிட்டர் டேங்க்குக்கு ஏப்டேசியா தின்னட்டும்னு அதை வாங்கிட்டு வர்றாங்க. அது பெரிய, நல்லா செட்டான டேங்க்ல மட்டுமே தாக்குப் பிடிக்கிற மீன், நாம போடுற சாப்பாட்டைத் தொடவே பல நாள் ஆகும், சிலது கடைசி வரைக்கும் தொடாம செத்துடும். எல்லா காப்பர்பேண்டும் ஏப்டேசியாவைத் தின்னும்னு உத்தரவாதமும் இல்ல. ஒரு பூச்சியை ஒழிக்க ஒரு மீனைக் கொல்றது சரியில்லைங்க. ஏப்டேசியா தின்னுற ஃபைல்ஃபிஷ் கொஞ்சம் தெம்பானது, ஆனா கோரலைக் கடிக்கிற பழக்கம் வரலாம், தெரிஞ்சு வாங்குங்க.

காப்பர் மருந்து போடலாமான்னு கேக்குறவங்களுக்கு, வேண்டவே வேண்டாம். அனிமோன் சாகுதோ இல்லையோ ஷ்ரிம்ப், நத்தை, கோரல் எல்லாம் போயிடும், பாறை அந்த காப்பரை உறிஞ்சி வச்சுக்கும், பிறகு அந்தப் பாறையில முதுகெலும்பில்லாத எதையும் நம்பி வளர்க்க முடியாது. லைட்டை ஆஃப் பண்ணி வச்சாலும் சாகாது, உள்ள இருக்கிற பாசியை இழந்து வெள்ளையா போயும் சாப்பாடு கிடைச்சா உயிரோட இருக்கும்.

எல்லாத்தையும் விட ஆபத்தான தப்பு பாறையை வீட்டுக்குள்ள அடுப்புல வச்சு கொதிக்க வைக்கிறது. அந்தப் பாறையில ஜோயாந்தஸோ அதோட சொந்தக்கார வகையான பாலித்தோவாவோ இருந்தா பாலிடாக்சின்னு ஒரு விஷம் ஆவியோட காத்துல கலக்கும். அலாஸ்கால அக்வேரியம் கடையிலயும் வீடுகள்லயும் ஆட்கள் இந்த மாதிரி பாதிக்கப்பட்டதை அமெரிக்காவோட நோய் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2015ல பதிவு பண்ணியிருக்கு. 2018ல இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல டேங்க் கோரலை சுத்தம் பண்ணப் போய் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போச்சு, உதவிக்கு வந்த தீயணைப்பு ஆட்களையும் சேர்த்துக் கொண்டு போனாங்க. பாறையை மொத்தமா சுத்தம் பண்ணித்தான் ஆகணும்னா வெளிய எடுத்து மொட்டை மாடி வெயில்ல வாரக்கணக்கா நல்லா காய விடுங்க, கிளவுஸ் போட்டுத் தொடுங்க, கூட இருக்கிற குழந்தைகளையும் நாயையும் தள்ளி வைங்க. அது இனிமே லைவ் ராக் இல்ல, உள்ள செத்ததெல்லாம் அழுகும், அதனால தனி தொட்டியில சைக்கிள் முடிஞ்சு, அதாவது கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா வளர்ந்து, அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் ஆனப்புறம்தான் டேங்க்குக்குள்ள வரணும்.

வராம தடுக்குறதுக்கும் ரெண்டு வார்த்தை. புது பாறையை நேரா டேங்க்ல இறக்காதீங்க, ஒரு தனி தொட்டியில ஹீட்டர், சின்ன பம்ப் போட்டு சில வாரம் வச்சு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஃப்ராக் (வெட்டி எடுத்த சின்ன கோரல் துண்டு) வாங்குனா அது ஒட்டியிருக்கிற ப்ளக்கோட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும், முடிஞ்சா கோரலை மட்டும் எடுத்து புது ப்ளக்ல ஒட்டிட்டு பழையதைத் தூக்கிப் போட்டுடுங்க. டேங்க்ல ஒண்ணு கூட இல்ல, ஆனா திரும்பத் திரும்ப வருதுன்னு சொல்றவங்க சம்ப்பையும் (டேங்க்குக்குக் கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) ஓவர்ஃப்ளோ பாக்ஸையும் ரிட்டர்ன் பைப் உள்பக்கத்தையும் பாத்தீங்களா? வெளிச்சம் கம்மியா, சாப்பாடு தொடர்ந்து ஓடி வர்ற இடம், அங்க கூட்டமா நிக்கும்.

மன்னார் வளைகுடா பக்கத்துல இருக்கவங்க கடல்ல இருந்து பாறை எடுத்துட்டு வந்துடலாம்னு நினைக்காதீங்க, பவளம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, எடுத்தா கேஸ்தான். அதே மாதிரி வேண்டாத பாறையையும் டேங்க் தண்ணியையும் கடல்ல கொண்டு போய்க் கொட்டாதீங்க. வளர்ப்புக்குக் கொண்டு வந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுல பவளத்து மேல படர்ந்து அதை மூடுனது நம்ம கண்ணு முன்னாடி நடந்ததுதான். பாறையை வெயில்ல நல்லா காய வச்சு குப்பைக்குப் போடுங்க, தண்ணியில கொஞ்சம் ப்ளீச் கலந்து ஒரு நாள் வச்சிருந்து சிங்க்ல ஊத்துங்க.