மொட்டை மாடியில் சூரியன்: 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பே போதும்

நிலாவையும் வியாழனையும் பார்த்துச் சலித்துப்போய்ப் பரணில் ஏற்றிவைத்த பழைய 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் (முன் லென்ஸின் அகலம்தான் அந்த 70) இருந்தால் இறக்குங்கள். சூரியனுக்கு அது தாராளம்.

வெயிலைக் குறைக்கும் ஃபில்டர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அது குழாயின் முன்வாயில், வெயில் உள்ளே நுழையும் இடத்திலேயே இருக்க வேண்டும். என் முதல் டெலஸ்கோப்போடு ஐபீஸில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸில், திருகுகிற மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடி வந்தது, மேலே 'சன்' என்று வேறு எழுதியிருந்தார்கள். நம்பிப் பார்த்தேன். அப்பாவைக் கூப்பிடலாம் என்று கண்ணை எடுத்துத் திரும்பியதும் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் குறுக்கே விரிசல். லென்ஸ் குவித்த வெப்பம் முழுக்க அந்தச் சின்ன வட்டத்தில்தான் விழுகிறது, வெடிக்காமல் என்ன செய்யும்? உங்களிடமும் ஒன்று இருந்தால் உடைத்துப் போட்டுவிடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிம், சிடி எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐபீஸுக்குள் பார்ப்பதும் அதே ஆபத்துதான்.

வாங்க வேண்டியது பாடர் அஸ்ட்ரோசோலார் போன்ற ஃபிலிம், அதிலும் 5.0 என்று குறித்தது. லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். 3.8 கேமராவுக்கு மட்டும், கண்ணுக்குக் கூடாது. கெட்டி அட்டையில் குழாய் வாய்க்கு இறுக்கமாக ஒரு வளையம் செய்து, இரட்டைப் பக்க டேப்பால் ஃபிலிமை ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் இருக்கட்டும், இழுத்து விறைப்பாக ஒட்டினால்தான் படம் கெடும். மாடிக் காற்று ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும், அதனால் குழாயோடு சேர்த்தும் டேப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் பல்புக்கு நேரே பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

குறி வைப்பதற்காகக் குழாயின் மேல் இருக்கும் குட்டி டெலஸ்கோப்பை, அதாவது ஃபைண்டரை, கழற்றிவிடுங்கள். அது இல்லாமல் எப்படிக் குறி வைப்பது? தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்கள். நீளம் குறைந்து குறைந்து முடிந்தவரை சின்னதாகச் சுருங்கும்போது சூரியன் ஐபீஸுக்குள் வந்திருக்கும்.

நேரம்தான் பலரும் கோட்டை விடுகிற இடம். நம் ஊரில் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். அதற்கப்புறம் சிமெண்ட் தரை சூடேறிக் காற்று அலைய ஆரம்பிக்கும், சூரியனின் விளிம்பு பால் பொங்குகிற மாதிரி கொதிக்கும். உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்கு நடுவே ஒரு தீவில் வைத்திருப்பதும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பத்தான், தண்ணீர் சீக்கிரம் சூடாகாதே. நமக்கு ஏரி இல்லாவிட்டால் புல் தரை, அதுவும் இல்லாவிட்டால் மாடியில் நாலு வாளித் தண்ணீர்.

ஃபோகஸுக்குச் சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளி ஒன்றைப் பிடியுங்கள். கரும்புள்ளியின் நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு கூர்மையாகத் தெரிகிற வரை திருகுங்கள். தலைக்கு மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டால் வெளிச்சம் மறையும், அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. அந்தச் சாம்பல் வளையத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது நம் கொடைக்கானலில்தான்.

செல்போனில் எடுப்பதானால் 25 மில்லிமீட்டர் ஐபீஸில் ஹோல்டரை மாட்டி, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நடுவைவிட விளிம்பு மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. வெள்ளைத் தட்டு மாதிரி ஒரே சீராக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கேமராவை நேரடியாக மாட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: குவியத் தூரத்தை (லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரையுள்ள தூரம்) 110ஆல் வகுத்தால் சூரியனின் பிம்பம் எவ்வளவு பெரிது என்று தெரியும். 700 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 6.4 மில்லிமீட்டர். கோள்களைப் படமெடுக்கும் சின்னக் கேமராக்கள் பலவற்றின் சென்சாரில் முழு வட்டம் அடங்காது, ஒரு புள்ளிக்கூட்டத்தை மட்டும் எடுக்கலாம்.

ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். ஒரு நிமிட வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருளில் போட்டு, நல்ல பத்து சதவீத ஃப்ரேம்களை மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கச் சொல்லுங்கள். அப்புறம் கூர்மையாக்கும்போது கை கொஞ்சம் அடங்கட்டும், புள்ளியைச் சுற்றி வெள்ளைக் கோடு வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஆரஞ்சு நிறம் நாமாக ஏற்றுவது, எனக்குப் பிடிக்காது.

ஹைட்ரஜனின் ஒரு சிவப்பு ஒளியை மட்டும் காட்டுகிற ஹெச்-ஆல்ஃபா டெலஸ்கோப் வாங்கினால் விளிம்பில் தீப்பிழம்புகள் தெரியும்தான், ஆனால் அந்த விலைக்கு இந்த மாதிரி டெலஸ்கோப் பல வாங்கலாம். முதலில் இதில் ஒரு வருடம் ஓட்டுங்கள்.

முடிந்ததும் முதலில் குழாயைச் சூரியனிடமிருந்து திருப்புங்கள், அதன் பிறகுதான் ஃபில்டரில் கை வைக்க வேண்டும்.