செமினோல், இந்தோனேசியர்: இரண்டு சமூகங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க சென்சஸ் தரவை வாசிக்கப் பழக்கும் வகுப்பு ஒன்றைச் சில வருடங்களாக எடுத்து வருகிறேன். கடைசிப் பயிற்சியாக, ஏதாவது இரண்டு சமூகங்களின் பொருளாதார நிலையை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். இந்த முறை ஒரு மாணவி செமினோல் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களையும் அமெரிக்காவில் வாழும் இந்தோனேசியரையும் எடுத்திருந்தார். அட்டவணை அழகாகத்தான் இருந்தது. வருமானத்தில் இந்தோனேசியர் மேலே, செமினோல் கீழே. வறுமையில் அப்படியே தலைகீழ். "தெளிவா இருக்கு சார்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் போட்ட அட்டவணையும் இதே போலத்தான் இருந்தது. அதைப் பார்த்த அன்று நானும் இதே சொல்லைத்தான் சொன்னேன்.

எண்ணைத் தவறாகத் தட்டுவது, ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை இரண்டாம் முறை பார்த்தால் கண்ணில் பட்டுவிடும். எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் படாத தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

செமினோல் என்றால் ஒரே மக்கள் என்று எடுத்துக்கொள்வது

இதைத்தான் நீட்டி எழுதப் போகிறேன். இன்னும் ஆறாத தவறு இது.

சென்சஸ் படிவத்தில் அமெரிக்கப் பூர்வகுடி என்ற கட்டத்தைக் குறித்தவர், அதன் கீழே தன் பழங்குடியின் பெயரைக் கையால் எழுத வேண்டும். ஒருவர் 'ஃப்ளோரிடா செமினோல்' என்று எழுதுவார். இன்னொருவர் 'ஓக்லஹோமா செமினோல் நேஷன்' என்று எழுதுவார். வேறொருவர், பாட்டி வழியில் கேள்விப்பட்டதை வைத்து, 'செமினோல்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார். அட்டவணைக்கு வரும்போது இவர்கள் எல்லோரும் 'செமினோல்' என்ற ஒரே வரியில் அடைந்துவிடுகிறார்கள். உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று யாரும் சரிபார்ப்பதில்லை.

2010 கணக்கெடுப்பில் செமினோல் என்று மட்டும் குறித்தவர்கள் சுமார் 14,000 பேர். வேறு இனம் அல்லது வேறு பழங்குடியோடு சேர்த்துக் குறித்தவர்களையும் கூட்டினால் ஏறக்குறைய 32,000. காசினோ, ஹார்ட் ராக் ஹோட்டல்கள் என்று செய்தியில் அடிபடும் ஃப்ளோரிடா செமினோல் பழங்குடியின் உறுப்பினர்களோ நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான். அங்கே உறுப்பினராக, குறைந்தது கால் பங்கு ஃப்ளோரிடா செமினோல் இரத்த உறவு இருக்க வேண்டும். ஆக, செமினோல் என்ற வரியில் பெரும்பாலானோர் நாம் மனதில் நினைக்கும் ஆட்களே கிடையாது.

சரி, கலந்தால்தான் என்ன? வரலாறு கொஞ்சம் தெரிந்தால் விளங்கும். 1830-ல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தும் சட்டம் வந்தது. 1835 முதல் 1842 வரை நடந்த போரின்போதும் அதற்குப் பிறகும் செமினோல்களில் மிகப் பெரும்பாலோர் இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நூறு பேர் மட்டும் ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ், பிக் சைப்ரஸ் சதுப்பு நிலங்களுக்குள் புகுந்து தப்பினார்கள். அன்றிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் பிழைப்பு வேறு வேறு.

ஃப்ளோரிடாவில் தங்கியவர்கள் முதலைத் தோலையும் நீர்நாய்த் தோலையும் கொக்கு இறகையும் வணிகர்களிடம் கொடுத்து, துணியும் தையல் இயந்திரமும் வாங்கினார்கள். பெண்கள் அந்தக் கைச்சுற்று இயந்திரத்தில் வண்ணத் துண்டுகளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இணைத்துத் தைத்த உடைதான் பிற்பாடு சுற்றுலாப் பயணிகளுக்கு விற்ற சரக்கு. 1936-ல் அரிசோனாவிலிருந்து மாடுகள் வந்து, பிரைட்டனில் மாட்டுப் பண்ணைத் தொழில் வேர்விட்டது. 1957-ல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. 1970-களில் மாநில வரியில்லாத சிகரெட் கடைகள் வந்தன. 1979-ல் ஃப்ளோரிடாவிலுள்ள ஹாலிவுட் ரிசர்வேஷனில் (பழங்குடிக்கென ஒதுக்கிய நிலப்பகுதி) பெரிய பணம் புழங்கும் பிங்கோ சூதாட்டக் கூடம் திறந்தார்கள். மாநிலம் தடுக்கப் பார்த்தது, 1981-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடியின் பக்கம் நின்றது. 2007-ல் ஹார்ட் ராக் நிறுவனத்தை 96.5 கோடி டாலருக்கு வாங்கி முடித்தார்கள்.

ஓக்லஹோமா கதை வேறு. அங்கே பொதுவாக இருந்த நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுக்குச் சராசரியாக 120 ஏக்கர் என்று துண்டு போட்டார்கள். 1908-ல் வந்த சட்டம் பலருடைய நிலத்துக்கு இருந்த விற்பனைத் தடையை நீக்கியது. 1926 வாக்கில் ஓக்லஹோமாவின் செமினோல் கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) எண்ணெய் பொங்கியபோது எத்தனையோ துண்டுகள் கை மாறிப் போயிருந்தன. அங்கேயும் காசினோ உண்டு, ஆனால் சிறியவை. மயாமியையும் டாம்பாவையும் பக்கத்தில் வைத்திருப்பவர்களோடு, ஓக்லஹோமா செமினோல்களின் தலைநகரான வீவோகாவை எப்படி ஒப்பிடுவது?

இது தெரியாமல் நான் செய்தது இதுதான். ஓர் அமைப்புக்காக எழுதிக் கொடுத்த அறிக்கையில் செமினோல் வரியின் வறுமை விகிதத்தை எடுத்தேன். பக்கத்திலேயே ஹார்ட் ராக் விலையைப் போட்டேன். "இவ்வளவு காசினோ வருமானம் வந்தும் செமினோல் மக்களின் வறுமை தீரவில்லை" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி அச்சிட்டார்கள். ஒரு கூட்டத்தில் அதை வாசித்து முடித்ததும், ஓக்லஹோமாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "நீங்கள் சொல்லும் பணம் எங்களுக்கு எப்போது வந்தது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒருவருடைய வறுமையை எடுத்து, இன்னொருவருடைய பணத்தின் பக்கத்தில் வைத்து, இரண்டு பேரையும் குற்றவாளி ஆக்கியிருந்தேன். திருத்தம் போடச் சொல்லி அமைப்புக்கு எழுதினேன். புத்தகம் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அந்த வாக்கியம் வேறு இரண்டு கட்டுரைகளில் மேற்கோளாக வந்ததைப் பிறகு பார்த்தேன். இப்போதும் யாராவது 'செமினோல் சராசரி' என்று தொடங்கினால் எனக்கு அந்தப் பெரியவர் எழுந்து நின்றதுதான் ஞாபகம் வருகிறது.

இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அரசாங்கத்தின் கணக்கே சாட்சி. பறிபோன ஃப்ளோரிடா நிலத்துக்கு ஈடாக 1976-ல் 1.6 கோடி டாலர் தீர்ப்பானது. அதை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க 1990 வரை இழுத்தது. ஏறக்குறைய முக்கால் பங்கு ஓக்லஹோமாவுக்கு, மீதி ஃப்ளோரிடாவுக்கு என்று முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 14 வருடம் எடுத்துப் பிரித்ததை நாம் எக்செலில் ஒரு கிளிக்கில் ஒன்றாக்கிவிடுகிறோம்.

வழி என்ன? சென்சஸின் விரிவான அட்டவணைகளில் பழங்குடியின் உட்பிரிவு கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் ரிசர்வேஷன் வாரியான எண்ணைப் பாருங்கள். பிக் சைப்ரஸ், பிரைட்டன், ஹாலிவுட், இம்மோகலீ என்று தனித்தனியாக உண்டு. அதிலும் உறுப்பினர் அல்லாதவர்கள் இருப்பார்கள் என்பதைக் குறிப்பில் சொல்லுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ஃப்ளோரிடா பற்றிய முடிவை எழுதாதீர்கள்.

செமினோல் கவுண்ட்டி

ஃப்ளோரிடாவின் செமினோல் கவுண்ட்டி ஆர்லாண்டோவின் புறநகர். அங்கே ரிசர்வேஷன் கிடையாது. பெயரை நம்பி அதன் எண்ணைப் பழங்குடியின் எண்ணாக எடுத்துவிடாதீர்கள்.

பழங்குடியின் வருவாயைத் தலைக்கு வகுப்பது

ஃப்ளோரிடா செமினோல் பழங்குடி ஓர் அரசு. அதன் வருவாயில் காவல்துறை, மருத்துவ நிலையங்கள், பிக் சைப்ரஸில் உள்ள அஹ்ஃபாச்கீ பள்ளி எல்லாம் நடக்கின்றன. உறுப்பினர்களுக்குப் பங்குத்தொகையும் போகிறது. மொத்தத்தை நாலாயிரத்தால் வகுத்து "ஆளுக்கு இவ்வளவு" என்று எழுதினால், ஒரு மாநிலத்தின் வரி வசூலை மக்கள்தொகையால் வகுத்து அதைச் சம்பளம் என்று சொல்வது போல ஆகும்.

இந்தோனேசியர் வரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் விடுவது

2010-ல் சுமார் 95,000 பேர் தங்களை இந்தோனேசியர் என்று குறித்தார்கள். இதுவும் ஒரே கூட்டம் இல்லை.

1958-ல் வந்த ஒரு சட்டத்தின் வழியாக, நெதர்லாந்து போய்ச் சேர்ந்திருந்த டச்சு-இந்தோனேசியக் கலப்புக் குடும்பங்கள் பல கலிஃபோர்னியாவுக்கு வந்தன. அவர்களின் பிள்ளைகள் படிவத்தில் வெள்ளையர் என்றோ டச்சு என்றோ எழுதினால் இந்த வரியில் வரவே மாட்டார்கள். அப்புறம் படிக்க வந்து பொறியாளராகத் தங்கியவர்கள். அதற்கும் அப்புறம், இந்தோனேசியாவில் சீன வம்சாவளியினரைத் தாக்கிய 1998 மே கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்த சீன இந்தோனேசியக் கிறிஸ்தவர்கள். இவர்களில் பலர் தெற்கு பிலடெல்பியாவில் தங்கி, தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் வேலைக்குப் போனார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் டோவர், சாமர்ஸ்வொர்த் பக்கம் வடக்கு சுலவேசியின் மனாடோ பகுதியிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சீன இந்தோனேசியர் ஒருவர் 'சீனர்' என்று குறித்துவிட்டால் அவரும் இந்த வரியிலிருந்து காணாமல் போவார். விசா முடிந்து தங்கியவர்களுக்கு அரசுப் படிவம் என்றாலே பயம். 2002-03-ல் இந்தோனேசிய ஆண்களைக் குடியேற்ற அலுவலகத்தில் நேரில் வந்து பதியச் சொன்ன திட்டத்துக்குப் போய், பலர் நாடுகடத்தல் வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்த குடும்பங்கள் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளருக்கு எப்படிப் பதில் சொல்லும்? கிடங்கு வேலைக்காரர் குறைவாகவும் கலிஃபோர்னியப் பொறியாளர் கூடுதலாகவும் விழுந்தால் சராசரி தானாக மேலே ஏறும்.

கவுண்ட்டியின் பணத்தை மக்களின் பணமாக வாசிப்பது

இணையத்தில் ஒரு வகை ஒப்பீடு நிறையக் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு கவுண்ட்டியிலும் ஒரு சமூகம் எத்தனை சதவீதம் என்று எடுத்து, அந்தக் கவுண்ட்டியின் வருமானத்தோடு ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதன் அளவு) பார்ப்பார்கள். இந்தோனேசியர் அதிகமுள்ள இடத்தில் வருமானம் அதிகம், ஆகவே இந்தோனேசியர் வசதியானவர்கள் என்பார்கள்.

ஃப்ளோரிடாவின் கோலியர் கவுண்ட்டியைப் பாருங்கள். கடற்கரையில் நேப்பிள்ஸ், பெரும் பணக்காரர்கள் ஓய்வுக்கு வரும் ஊர். அதே கவுண்ட்டியின் உள்பக்கம் இம்மோகலீ, தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளர்களின் ஊர். செமினோல் ரிசர்வேஷன் இருப்பது இம்மோகலீயில். கவுண்ட்டி சராசரி இதில் யாரைப் பற்றிச் சொல்கிறது?

இந்தத் தவறு புதிதும் இல்லை. 1930 சென்சஸை வைத்து ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-ல் காட்டினார்: வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, ஒட்டுறவு -0.53. தனி ஆட்களாகப் பார்த்தால் கதை தலைகீழ், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம், 0.12. குடியேறியவர்கள் பள்ளிகள் நன்றாக இருந்த மாநிலங்களில் போய்த் தங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிழை எல்லையை அடிக்குறிப்பில் தள்ளுவது

பிழை எல்லை என்பது, மாதிரியை வைத்துக் கணித்த எண் உண்மையிலிருந்து மேலும் கீழும் எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதன் அளவு. சிறிய சமூகத்துக்கு மாதிரியும் சிறியது. சும்மா கணக்குக்காக: ஒரு சமூகத்தின் வறுமை 18 சதவீதம், பிழை எல்லை 3. மற்றதன் வறுமை 14, பிழை எல்லை 4. இரண்டு எல்லைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி (9 + 16 = 25) வர்க்கமூலம் எடுத்தால் 5. வித்தியாசம் 4-தான். ஆகவே யார் அதிக ஏழை என்று இந்தத் தரவால் சொல்ல முடியாது. சென்சஸ் துறையின் மாதிரி ஆய்வான அமெரிக்கச் சமூக ஆய்வு வெளியிடும் எல்லை 90 சதவீத நம்பிக்கை அளவுக்கானது என்பதையும் மனதில் வையுங்கள்.

மாணவர்கள்

விடுதியில் தங்கும் மாணவரை வறுமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெளியே அறை எடுத்துத் தங்கினால் சேர்ப்பார்கள், சொந்த வருமானம் இல்லாவிட்டால் ஏழை என்றே விழுவார், அவர் அப்பா ஜகார்த்தாவில் எவ்வளவு சம்பாதித்தாலும் சரி.

இந்தோனேசிய நாட்டின் வறுமை விகிதத்தை எடுத்து வைப்பது

இன்னொரு மாணவர் குறுக்குவழியில் போனார். 2024 மார்ச்சில் இந்தோனேசியாவின் வறுமை விகிதம் 9.03 சதவீதம் என்று அந்த நாட்டுப் புள்ளியியல் துறை சொன்னதை எடுத்து, செமினோல் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். செமினோலைவிட இந்தோனேசியாவே வசதி என்று முடிவு வந்தது.

இரண்டும் வறுமைக் கோடுதான், ஆனால் இரண்டு கோடுகள். இந்தோனேசியாவில் ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி உணவுக்கும் அடிப்படைத் தேவைகளுக்கும் ஆகும் செலவைக் கோடாக வைத்து, குடும்பம் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்கக் கோடு 1960-களில் உணவுச் செலவின் மூன்று மடங்காகப் போட்டது, விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அங்கே பார்ப்பது வரிக்கு முந்தைய ரொக்க வருமானம். ஒன்று செலவை அளக்கிறது, மற்றது வருமானத்தை. இவற்றைக் கழித்துப் பார்ப்பதில் எந்த அர்த்தமும் இல்லை.

சொந்த வீடு

ரிசர்வேஷன் நிலத்தைக் கூட்டாட்சி அரசு பழங்குடிக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதை வங்கி சாதாரணமாக அடமானம் பிடிக்காது. இதற்கென்றே 1992-ல் தனியாக ஒரு கடன் உத்தரவாதத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சொந்த வீட்டு விகிதம் குறைவாகத் தெரிந்தால், பணமில்லை என்று எழுதுவதற்கு முன் வீடு நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

மாணவியின் அட்டவணையைச் சேர்ந்து உட்கார்ந்து பிரித்தோம். செமினோல் வரி மூன்றானது: ஃப்ளோரிடா, ஓக்லஹோமா, பெயர் மட்டும் எழுதியவர்கள். இந்தோனேசியர் வரியை அமெரிக்காவுக்கு வந்த ஆண்டு வாரியாகவும் மாநில வாரியாகவும் பிரித்தோம். பாதிக் கட்டங்களில் மாதிரி போதவில்லை. ஃப்ளோரிடா வரியின் வறுமைக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். காலியாக விடச் சொன்னேன். விட்டார், கீழே ஏன் என்று இரண்டு வரி எழுதினார்.