எத்தனையாவது இடம் என்று மட்டும் பார்க்காதீர்கள்

தம்பி கொலம்பஸில் படித்தபோது அனுப்பிய சிவப்புத் தொப்பியில் ஆரம்பித்தது எனக்கு இந்தப் பித்து. பகலில் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் கிராணி வேலை. சனி இரவானால் கொலம்பஸில் உள்ள ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தை (பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) புதிதாகப் பார்க்கும் பிள்ளைகள், "அண்ணே, நம்ம டீம் எத்தனையாவது இடம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தரவரிசையை நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

ஏபி செய்தி நிறுவனத்தின் பட்டியல் அங்கே ஞாயிறு மதியம் 2 மணிக்கு வரும். நமக்குத் திங்கள் அதிகாலை 2. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 3. விழித்திருக்க வேண்டாம், பசியாறும்போது பார்த்தால் போதும்.

பட்டியலைத் திறந்ததும் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். அறுபது சொச்சம் விளையாட்டுச் செய்தியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்ததற்கு 24, கடைசிக்கு 1. அதன் கூட்டுத்தொகைதான் தரவரிசை. நமக்கும் மேலே உள்ள அணிக்கும் பத்துப் புள்ளிதான் இடைவெளி என்றால் அடுத்த வாரமே தாண்டிவிடலாம். நூறு என்றால், அவர்கள் தோற்றால்தான் வழி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாராவாரம் இந்த இடைவெளியைக் குறித்து வையுங்கள். பயிற்றுநர்கள் போடும் பட்டியலும் உண்டு. அதை நான் அதிகம் பார்ப்பதில்லை.

செப்டம்பர் பட்டியலை நம்பி மனம் உடைந்து போகாதீர்கள். அப்போது இருப்பது பாதிக்கு மேல் போன வருடத்துப் பெயர்தான். 2014இல் 8ஆம் இடத்தில் இருந்த நாங்கள், சொந்தத் திடலில் வர்ஜினியா டெக்கிடம் 35–21 என்று தோற்று 22க்கு விழுந்தோம். அதே அணிதான் 2015 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தில் ஓரிகனை 42–20 என்று வென்று கிண்ணம் தூக்கியது.

நவம்பர் வந்துவிட்டால் ஏபியை விட்டுவிடுங்கள். 13 பேர் கொண்ட தேர்வுக் குழு செவ்வாய் இரவு, அதாவது நமக்குப் புதன் காலை, வெளியிடும் பட்டியல்தான் இறுதிச் சுற்றுக்குக் கணக்கு. 2024 முதல் 12 அணிகளுக்கு இடம். அதற்காக 12க்குள் இருந்தாலே போதும் என்று நினைக்கக்கூடாது. அணிகள் பல லீக்குகளாகப் பிரிந்து ஆடுகின்றன; ஐந்து இடங்கள் லீக் வெற்றியாளர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த வருடம் 11ஆம் இடத்தில் இருந்த அலபாமா வெளியே, தன் லீக்கை வென்றதால் 16இல் இருந்த கிளெம்சன் உள்ளே. ஆகவே அணி 9, 10 என்று நின்றால், மற்ற லீக்குகளின் இறுதியாட்டங்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

அதே 2024இல்தான் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றோம். இங்கே ஞாயிறு அதிகாலை நாலரை மணி இருக்கும். கடைசி நிமிடத்தில் அவர்கள் உதைத்த மூன்று புள்ளி. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். செம்பனை மரங்களில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. அப்புறம் உள்ளே போய் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன்: இரண்டு தோல்வி, ஆனால் பென் ஸ்டேட்டையும் இண்டியானாவையும் வென்றிருக்கிறோம். 12க்கு வெளியே தள்ள முடியாது என்று எழுதி வைத்தேன். புதன் காலை குழு தந்த இடம் 6.

2025 ஜனவரி 21, லீவு போட்டேன். காலை எட்டரைக்குத் தேசிய இறுதியாட்டம். நோட்டர் டேம் 23, நாங்கள் 34.