ஊருக்குள் ஒரு நடைபாதை: அமெரிக்காவில் அரசு மானியம் கேட்பது எப்படி?

வட வர்ஜீனியாவில் இருப்பவர்களுக்கு டபிள்யூ அண்ட் ஓ.டி. பாதை தெரிந்திருக்கும். முன்பு ரயில் ஓடிய தடம் அது. இப்போது 45 மைல் நீளத்துக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தார் போட்டு வைத்திருக்கிறார்கள். மாலையில் ஆஷ்பர்ன், ஹெர்ண்டன் பக்கம் போனால், பிள்ளைகளோடு ஆறு மாதம் இருக்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களைப் பார்க்கலாம். சேலை, மேலே ஸ்வெட்டர், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. கார் ஓட்டாத அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிகிற இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

"எங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று வராதா? அரசாங்கம் பணம் தருகிறதாமே?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தருகிறது. நான் இருக்கும் ஊரில் ஒரு குடியிருப்பையும் நூலகத்தையும் இணைக்கும் அரை மைல் பாதைக்காகத் தன்னார்வக் குழுவில் சேர்ந்து, இந்தக் காகிதக் காட்டுக்குள் இரண்டு வருடம் சுற்றியவன் நான். படிவம் நிரப்புவது இதில் ஏறக்குறைய கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், நாங்களும் உட்பட.

படி 1: நிலம் யாருடையது?

முதலில் உங்கள் கவுண்ட்டியின் இணையதளத்தில் நில வரைபடத்தைத் திறங்கள். பெரும்பாலான கவுண்ட்டிகள் இதை இலவசமாகவே வைத்திருக்கின்றன. பாதை போகும் கோட்டின் மேல் ஒவ்வொரு துண்டாகச் சொடுக்கிப் பார்த்தால் உரிமையாளர் யார் என்று தெரியும். நகராட்சி, பள்ளி மாவட்டம், மின்கம்பி போகும் மின் நிறுவன நிலம், வீட்டு உரிமையாளர் சங்கம் என்று கலந்துகட்டி வரும்.

எங்கள் அரை மைலில் ஐந்து உரிமையாளர்கள் இருந்தார்கள். நான்கு பேர் சரி என்றுவிட்டார்கள். நடுவில் 200 அடி மட்டும் ஒரு வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குச் சொந்தம். அவர்கள் கூடி, பேசி, வழக்கறிஞரைக் கேட்டு, மறுபடியும் கூடி, எழுத்தில் சம்மதம் தருவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த ஆண்டு விண்ணப்பிப்பதற்கான கடைசித் தேதியும் போய்விட்டது. வாய்ப்பேச்சில் "ஆகட்டும்" என்று சொன்னது எதற்கும் உதவாது. பாதையுரிமைப் பத்திரமோ, குறைந்தது கையெழுத்திட்ட சம்மதக் கடிதமோ வேண்டும். கீழே சொல்லப்போகும் ஆர்.டி.பி. மானியத்தைக் கொண்டு விருப்பமில்லாதவரின் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவே முடியாது, சட்டம் தடுக்கிறது.

படி 2: விண்ணப்பதாரர் நீங்கள் அல்ல

தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. நகராட்சி, கவுண்ட்டி, பள்ளி மாவட்டம், பூங்கா மாவட்டம் போன்ற அமைப்புதான் விண்ணப்பதாரர். சில திட்டங்களில், சில மாநிலங்களில், லாப நோக்கமற்ற அமைப்புகளும் கேட்கலாம். எனவே உங்கள் வேலை நகராட்சியைச் சம்மதிக்க வைப்பது.

கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடம். அதில் பேசலாம், ஆனால் அதற்கு முன்பே பூங்காத் துறையிலோ திட்டமிடல் துறையிலோ ஒரு ஊழியரைச் சந்தித்துவிடுங்கள். கவுன்சிலர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறலாம். கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போவது அந்த ஊழியர்தான். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பாதை ஊரின் சைக்கிள், நடைபாதைத் திட்ட அறிக்கையில் இருக்கிறதா?" இருந்தால் உங்கள் விண்ணப்பத்துக்குப் போடும் மதிப்பெண் தானாக ஏறும். இல்லையென்றால் அறிக்கையை அடுத்த முறை திருத்தும்போது சேர்க்கச் சொல்லுங்கள்.

50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறப் பகுதிகளில் எம்.பி.ஓ. என்ற வட்டாரப் போக்குவரத்துத் திட்டமிடல் அமைப்பு இருக்கும். சாலைப் பணத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்று முடிவு செய்வது அதுதான். அதன் கூட்டங்களும் எல்லோருக்கும் திறந்தவை. போனால் காலி நாற்காலிகள் நிறைய இருக்கும்.

படி 3: எந்தப் பெட்டியிலிருந்து பணம்?

முதல் பெட்டி ஆர்.டி.பி., அதாவது ரெக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம். 1991இல் வந்த போக்குவரத்துச் சட்டத்தோடு பிறந்தது. இதற்கான பணம் வரும் வழி சுவாரசியமானது. பனிவண்டிகளும் காட்டுப்பாதை பைக்குகளும் சாலைக்கு வெளியே ஓடி எரிக்கும் பெட்ரோலின் மீது விழும் வரிதான் இதன் அடிப்படை. அதனால் பொதுவாக ஒரு மாநிலம் 30 சதவீதத்தை மோட்டார் வண்டிப் பாதைகளுக்கும், 30 சதவீதத்தை மோட்டார் இல்லாத பாதைகளுக்கும், மீதி 40 சதவீதத்தைப் பலரும் பலவிதமாகப் பயன்படுத்தும் பாதைகளுக்கும் பிரிக்க வேண்டும். நம் அம்மாக்கள் நடக்கும் பாதைக்கு யாரோ சேற்றில் பைக் ஓட்டிக் கட்டிய வரி உதவுகிறது! ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாலையோர நடைமேடைக்கு இதில் பொதுவாகப் பணம் கிடைக்காது. இரண்டு பாதைகளுக்கு நடுவே விடுபட்ட துண்டு என்றால் மட்டும் வாதாடலாம்.

நடைமேடை, சைக்கிள் தடம், குழந்தைகள் பள்ளிக்கு நடந்து போகும் வழி, கைவிடப்பட்ட ரயில் தடம் என்றால் இரண்டாவது பெட்டிக்குப் போங்கள்: டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆல்டர்நேட்டிவ்ஸ். 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கு ஒதுக்கும் பணத்தைக் கூட்டியது. ஆனால் சின்ன நடைபாதைக்கும் நெடுஞ்சாலை போடுவதற்குரிய நடைமுறைகள் பலவற்றைக் கடக்க வேண்டும். கொஞ்சம் பணத்துக்காக இதில் இறங்குவது கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது மாதிரி.

மூன்றாவது, நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதி. 1964இல் சட்டமானது, கடலடி எண்ணெய், எரிவாயு வருமானத்திலிருந்து வருகிறது. பாதியை நீங்கள் போட வேண்டும். இன்னொரு கட்டு, இந்தப் பணம் தொட்ட நிலம் என்றென்றும் பொழுதுபோக்குக்கான திறந்தவெளியாகவே இருக்க வேண்டும். பின்னாளில் அங்கே கார் நிறுத்துமிடம் கட்ட நினைத்தால் அதற்கு ஈடான வேறு நிலம் தர வேண்டும். எனக்கு இந்த விதி பிடிக்கும். நகராட்சி வழக்கறிஞர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

மற்றவை சுருக்கமாக: விபத்துகளைக் குறைக்கும் சாலை மாற்றங்களுக்கு 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ரோட்ஸ் ஃபார் ஆல்', காற்று மாசு அதிகமுள்ள பகுதிகளில் பேருந்து, சைக்கிள் பகிர்வு போன்றவற்றுக்கு 'சிமேக்'. 2021 சட்டத்தின் காலம் 2026 செப்டம்பர் 30 வரைதான். அதற்குப் பிறகு எவ்வளவு என்பது நாடாளுமன்றத்தின் கையில். எனவே பழைய கட்டுரைகளில் உள்ள தொகைகளை நம்பாமல் மாநிலத்தின் இந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

படி 4: உங்கள் பங்கு

ஆர்.டி.பி.யிலும் டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆல்டர்நேட்டிவ்ஸிலும் வழக்கமான கணக்கு, ஃபெடரல் அரசு 80 சதவீதம், ஊர் 20 சதவீதம். இந்த 20ஐ 'மேட்ச்' என்பார்கள். இங்கேதான் பல குழுக்கள் பயந்து கலைகின்றன. பயப்பட வேண்டாம். ஆர்.டி.பி.யில் மேட்ச் முழுவதும் ரொக்கமாக இருக்கத் தேவையில்லை. தன்னார்வலர் உழைப்பு, நன்கொடையாக வந்த பொருள், இயந்திரம் எல்லாமே கணக்கில் வரும்.

கற்பனையாக ஒரு கணக்கு. மொத்தச் செலவு 1,25,000 டாலர். மானியம் 1,00,000, உங்கள் பங்கு 25,000. இருபது பேர் ஐந்து சனிக்கிழமைகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் 400 மணி நேரம். மணிக்கு 30 டாலர் என்று மாநிலம் ஒப்புக்கொண்டால் 12,000 ஆயிற்று. நகராட்சியின் இயந்திரமும் ஓட்டுநரும் 5,000 பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8,000 மட்டும் ரொக்கம். தமிழ்ச் சங்கம் ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தால் அதில் கொஞ்சம் தேறும்.

ஆனால் வருகைப் பதிவேடு வேண்டும். பெயர், தேதி, நேரம், செய்த வேலை, கையெழுத்து. மானிய ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த உழைப்பு பொதுவாகச் செல்லாது. ஆர்வத்தில் முன்கூட்டியே புதர் வெட்டி முடித்துவிட்டு, அந்த மணி நேரங்களை எண்ண முடியாமல் நின்றோம் நாங்கள்.

படி 5: பதிவு எண்

ஃபெடரல் பணம் வாங்கும் அமைப்புக்கு யூ.இ.ஐ. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்து 12 குறிகள் கொண்ட அடையாளம் வேண்டும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக வந்தது. சாம் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் பெறலாம். முழுப் பதிவு செய்திருந்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டுமே இலவசம். "உங்கள் பதிவு காலாவதியாகிறது, 600 டாலர் கட்டுங்கள்" என்கிற மாதிரி மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள். அமைப்பின் பெயரில் ஒரு கமா மாறியிருந்தாலும் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும்.

படி 6: அப்புறம்தான் எழுத்து

விண்ணப்ப அறிவிப்போடு மதிப்பெண் பட்டியலும் இருக்கும். அதை அச்செடுத்து மேசையில் ஒட்டுங்கள். பாதை எந்தெந்த இடங்களை இணைக்கிறது என்பதற்கு 20 மதிப்பெண், பராமரிப்புக்கு 5 என்றால், பராமரிப்பைப் போல நான்கு பங்கு இடம் இணைப்புக்கு. கேள்வியின் வார்த்தைகளையே பதிலின் முதல் வரியில் திருப்பி எழுதுங்கள். படிப்பவர் மாலை ஏழு மணிக்கு முப்பதாவது விண்ணப்பத்தில் இருப்பார்.

"ஆரோக்கியமான சமுதாயம் உருவாகும்" என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவது. எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு புகைப்படம். புல்வெளியில் மக்கள் நடந்து நடந்தே உண்டான ஒற்றையடிப் பாதை, அதில் மழைக்குப் பிறகு குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரத் தடம். கூடவே ஒரு சனி, ஒரு செவ்வாய், காலை ஏழு முதல் ஒன்பது வரை அங்கே நின்று எண்ணிய கணக்கு. இவ்வளவு பேர் சேற்றிலேயே நடக்கிறார்கள் என்பதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆதரவுக் கடிதங்களை ஒரே வாசகத்தில் நகலெடுத்து அனுப்பாதீர்கள். பள்ளி முதல்வர் குழந்தைகளைப் பற்றி, நூலகர் மாலை வகுப்புகளைப் பற்றி, சக்கர நாற்காலியில் வருபவர் சரிவைப் பற்றி எழுதட்டும். பாதையின் அகலம் 10 அடியா 8 அடியா, தாரா நொறுக்கிய கல்லா, குளிர்காலத்தில் பனியை யார் தள்ளுவார்கள் என்பதற்கெல்லாம் நகராட்சியின் பதிலை எழுதி வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

படி 7: கிடைத்துவிட்டது, உடனே தோண்டாதீர்கள்

அறிவிப்பு வந்த அன்று கேக் வெட்டலாம், மண்ணை வெட்டக்கூடாது. சுற்றுச்சூழல் பரிசீலனையும் தொல்பொருள், வரலாற்றுச் சின்னங்கள் பற்றிய பரிசீலனையும் முடிய வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகி, வேலையைத் தொடங்கலாம் என்ற கடிதமும் வர வேண்டும். அதற்கு முன் செய்த செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

பணமும் முன்கூட்டி வராது. நீங்கள் ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவிட்டு, ரசீதையும் காசோலை நகலையும் அனுப்பினால் 80 சதவீதம் திரும்பி வரும். மேலே சொன்ன கணக்கில் ஒரு லட்சம் டாலரைச் சில மாதங்களுக்கு யார் தாங்குவது? நகராட்சி என்றால் சமாளித்துவிடும். சிறிய சங்கம் என்றால் விண்ணப்பிக்கும் முன்பே வங்கியிடமோ நகராட்சியிடமோ பேசி வையுங்கள்.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். எங்களுக்கும் கிடைக்கவில்லை. மாநில அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மதிப்பெண் தாளைக் கேட்டோம். அனுப்பினார்கள், தொலைபேசியில் அரை மணி நேரம் பேசவும் செய்தார்கள். பராமரிப்புக் கேள்விக்கு ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் நகராட்சியின் தீர்மானத்தை இணைத்து மறுபடியும் அனுப்பினோம்.