பூஞ்சை பிடித்த டிஸ்கும் மிஸ்டர் பிரவுனின் வகுப்பும்

லண்டனில் ஒரு மாலைப் பள்ளிக்கூடம். பல தேசத்தவர்கள், ஆளுக்கொரு உடைந்த ஆங்கிலம், நடுவில் மாட்டிக்கொண்ட வாத்தியார் ஒருவர். ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற பிரிட்டிஷ் டிவி நகைச்சுவைத் தொடரின் பெயரைச் சொன்னதுமே பழைய ஆட்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து ‘எ தவுசண்ட் அப்போலஜிஸ்’ என்பார்கள். அந்த வசனத்துக்குச் சொந்தக்காரர் வகுப்பு மாணவர் ரஞ்சித் சிங். அந்தச் சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பிறந்தது பஞ்சாபில் இல்லை. நம்முடைய இலங்கைக் கம்பளையில், 1937இல்.

தொடர் பிரிட்டனில் 1977 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1979 டிசம்பர் வரை போனது. சீசன் மூன்று: 13, 8, 8. மொத்தம் 29 எபிசோட். எண்பதுகளின் நடுவில் இன்னொரு 13 வந்தது. அதில் பல முகங்கள் மாறிவிட்டன, சுவையும் மாறிவிட்டது. நேரத்தைச் செலவழிப்பதென்றால் முதல் 29க்குச் செலவழியுங்கள். அதிலும் முதல் 13க்கு.

பிதுருதலாகலை மலையின் டிவி கோபுரத்திலிருந்து வந்த படத்தை அன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காலத்தில், மலையில் பட்டுத் திரும்பிய சிக்னலால் ஒவ்வோர் ஆளுக்கும் பக்கத்தில் ஒரு நிழலாள் நிற்பார். டிவிடியில் அந்த நிழல் இல்லை. இருந்தும் பலர் டிஸ்கைப் போட்டுவிட்டு ‘பழைய படம், இப்படித்தான் இருக்கும்’ என்று மங்கலையும் கோடுகளையும் சகித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறைகளில் பெரும்பங்கு தொடருடையது இல்லை. நம்மூர் ஈரம், அடுப்புப் புகை, டிவியின் தவறான செட்டிங், இந்த மூன்றும் செய்கிற வேலை அது.

கையில் இருப்பது என்ன டிஸ்க்?

டவுன் சிடி கடைகளில் விற்றதெல்லாம் டிவிடி இல்லை. கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். ‘வீடியோ டிஎஸ்’ (VIDEO_TS) என்ற ஃபோல்டர் இருந்தால் டிவிடி. ‘எம்பெக்ஏவி’ (MPEGAV) என்ற ஃபோல்டரும் உள்ளே ‘டாட்’ (DAT) என்று முடியும் ஃபைல்களும் இருந்தால் அது விசிடி. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான். எந்த டிவியில் போட்டாலும் அதற்கு மேல் தெளியாது. அதைச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிவிடியாக இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஓர் எபிசோட் ஏறத்தாழ 25 நிமிடம். நல்ல தரத்தில் அது ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும். ஆக 4.7 ஜிபி டிஸ்கில் ஐந்து எபிசோட், தகவலை இரண்டு அடுக்காக எழுதிய 8.5 ஜிபி இரட்டை லேயர் டிஸ்கில் எட்டு ஒன்பது வரை ஒழுங்காகக் கொள்ளும். ஒரே டிஸ்கில் 29ஐயும் அடைத்து விற்றிருந்தால், படத்தைப் பிழிந்துதான் அடைத்திருக்கிறார்கள். ஆள் அசைந்தால் முகம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான்.

லண்டனிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஒரிஜினல் என்றால் அது இரண்டாம் ரீஜன். ரீஜன் என்பது டிஸ்க் எந்த நாடுகளில் ஓடலாம் என்று பிரித்த வலயம். இலங்கை ஐந்தாம் ரீஜனில் வருகிறது. இங்கே விற்ற மலிவான பிளேயர்களில் பெரும்பாலானவை எதையும் பார்க்காமல் ஓட்டிவிடும். ‘ரீஜன் எரர்’ என்று வந்தால், பிளேயரின் பின்பக்கம் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு இணையத்தில் தேடுங்கள். பல மாடல்களுக்கு ரிமோட்டில் அழுத்தும் ஓர் எண் வரிசை இருக்கிறது. லெப்டொப் டிரைவில் மட்டும் கவனம் தேவை. அதில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவதாக வைத்தது அப்படியே பூட்டிக்கொள்ளும்.

டிஸ்கைக் கழுவுதல்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் அலுமாரியில் இரண்டு மழைக்காலம் கிடந்த டிஸ்கில் வெள்ளையாகச் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. பெரும்பாலும் உறைக்குள் இருக்கும் அட்டையில்தான் தொடங்கும். அட்டையை எடுத்து வேறாக வையுங்கள். டிஸ்கைக் கழுவலாம், பயப்படத் தேவையில்லை.

முதலில் டிஸ்கை பல்புக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளேயுள்ள உலோகப் பூச்சு போய்விட்டது. அந்த இடத்தில் இருந்த எபிசோட் கழுவி வராது. புள்ளிகள் இல்லையென்றால், கைச்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு டிஸ்கை நனையுங்கள். விரல் நுனியால் நடுத் துளையிலிருந்து விளிம்புவரை நேர்கோடாகத் தடவுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. தகவல் வட்டமாகச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துணுக்கைத்தான் கெடுக்கும், அதைப் பிளேயர் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். சுற்றோடு சேர்ந்து ஓடும் கீறல் ஒரே இடத்தில் நீளமாகத் தகவலைத் தின்றுவிடும், அதை நிரப்ப முடியாது. பிறகு சுத்தமான நீரில் அலசி, உதறி, பழைய பருத்தி வேட்டித் துண்டால் அதே திசையில் ஒற்றி எடுத்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். அவசரத்துக்கு அடுப்பங்கரையில் வைத்தால் டிஸ்க் நெளிந்துவிடும்.

நகப்பூச்சு நீக்கும் திரவம், மண்ணெண்ணெய், சாம்பல் இவை கிட்டவே வரக்கூடாது. முதலாவது பிளாஸ்டிக்கை வெள்ளையாக்கிவிடும். பிறகு கண்ணாடி போலத் தெளிய வழியே இல்லை. பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். மேலோட்டமான கீறலுக்கு அது சில வேளை உதவும், ஆனால் அதுவும் உரசும் சாமான்தான். வேறு வழியே இல்லாத டிஸ்குக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேயர் படிக்கவில்லை என்றால்

புது டிஸ்க் ஓடுகிறது, பழையது ஓடவில்லை என்றால் டிஸ்கைச் சந்தேகப்படலாம். ஒற்றை லேயர் ஓடி, இரட்டை லேயர் டிஸ்க் மட்டும் பாதியில் உறைந்தால் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். இரட்டை லேயர் டிஸ்கில் பாதி வழியில் லேயர் மாறும்போது அரை விநாடி படம் நிற்பது இயல்பு. நின்றது நகரவே இல்லையென்றால் இரண்டாவது லேயரைப் பார்க்க லென்ஸுக்குப் பார்வை போதவில்லை.

தோட்டத்து லயத்துக் காம்பராவில் விறகடுப்பும் டிவியும் ஒரு சுவருக்கு இருபக்கம் இருக்கும். அந்தப் புகை லென்ஸில் மெல்லிய எண்ணெய்ப் படலமாக உட்காரும். பிளக்கைக் கழற்றிவிட்டு மேல் மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் பட்டாணி அளவில் நீலமாக மினுங்கும் லென்ஸ் தெரியும். பாமசியில் வாங்கிய ஐசோபுரொப்பில் அல்ககோலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, லென்ஸை இரண்டு சுற்று மெல்லத் தொட்டு எடுங்கள். அது முடி போன்ற கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் கம்பி வளைந்து பிளேயர் குப்பைக்குப் போக வேண்டியதுதான். மூடியைத் திரும்பப் பூட்டாமல் பவர் கொடுக்காதீர்கள். லேசர் ஒளி கண்ணுக்குக் கேடு.

இன்னொன்று, குளிர் மாதங்களில் நடப்பது. இரவெல்லாம் குளிரில் கிடந்த பிளேயரைத் தூக்கிக்கொண்டு அடுப்பெரியும் சூடான அறைக்குள் வந்தால் லென்ஸில் வியர்த்துவிடும், மூக்குக்கண்ணாடியில் தேத்தண்ணி ஆவி பட்ட மாதிரி. ‘நோ டிஸ்க்’ என்று வரும். பழுதில்லை. ஒரு மணி நேரம் சும்மா விட்டால் சரியாகிவிடும்.

டிவியில் தொட வேண்டிய நாலு இடம்

இந்தத் தொடர் 4:3 வடிவில் எடுத்தது. அகல டிவி அதை இழுத்துக் காட்டினால் வாத்தியார் பிரவுன் குட்டையாகிவிடுவார், தலைமையாசிரியை மிஸ் கோர்ட்னி இரண்டு சுற்றுப் பெருத்துவிடுவார். டிவி ரிமோட்டில் படவடிவத்தை 4:3 ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். 32 அங்குல டிவியில் அப்போது கிடைப்பது 26 அங்குலப் பழைய டிவியின் அளவு. பத்தடி அறைக்கு அது தாராளம்.

ஷார்ப்னெஸ்ஸை அடியோடு குறையுங்கள். பழைய வீடியோவில் அதைக் கூட்டினால் ஒவ்வொருவர் தலையைச் சுற்றியும் வெள்ளைக் கோடு விழும். அசைவை மழமழப்பாக்கும் செட்டிங் எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியில் ‘சரவுண்ட்’ வேண்டாம். சேர்ந்து சிரிக்கும் கூட்டத்தின் சத்தத்தை அது ஊதிப் பெருக்கி வசனத்தை விழுங்கும். உச்சரிப்புப் பிழையில் உயிர்வாழும் நகைச்சுவைக்கு வசனம் கேட்காமல் போனால் மிச்சம் என்ன?

பிரிட்டனும் இலங்கையும் ‘பால்’ (PAL) என்ற ஒரே வண்ண ஒளிபரப்பு முறையை வைத்திருந்ததால் படம் நிறமில்லாமல் ஓடும் வில்லங்கம் இந்தத் தொடரில் வராது. அமெரிக்கத் தொடர்களின் டிஸ்க் என்டிஎஸ்சி என்ற வேறு முறை. பழைய பெட்டி டிவியில் அது கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, பிளேயர் மெனுவில் டிவி வகையை ‘ஓட்டோ’ அல்லது ‘மல்டி’ ஆக்கிப் பாருங்கள்.

ஒரு தடவை பென்டிரைவுக்கு

பூஞ்சை ஒருமுறை வந்த டிஸ்கில் மறுபடியும் வரும். ஓடுகிற நாளிலேயே சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுப்பது புத்தி. டிஸ்கைக் கணினிக்குப் பிரதி எடுக்கும் மேக்எம்கேவி (MakeMKV) மென்பொருளில் டிஸ்கைத் திறந்தால் பட்டியலில் 25 நிமிடத் துண்டுகளோடு இரண்டு மணி நேரத் துண்டு ஒன்றும் இருக்கும். அது ‘எல்லாம் ஓட்டு’ பட்டனுக்கானது, அதே எபிசோட்கள்தான். அதைத் தவிர்த்து மற்றவற்றை மட்டும் தெரிவு செய்யுங்கள்.

பிறகு அந்த ஃபைலைச் சுருக்கி மாற்றும் ஹேண்ட்பிரேக் (HandBrake). இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டூடியோ வீடியோவில் விநாடிக்கு 50 அரைப்படங்கள். அதைச் சாதாரணமாக மாற்றினால் யாராவது கையை வீசும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும், அல்லது அசைவு வெட்டி வெட்டி வரும். அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் ‘பாப்’ (Bob) என்பதைத் தெரிவு செய்து, ஃபிரேம் அளவை 50 ஆக வையுங்கள். தரம் ஆர்எஃப் 20. டிவிடியை நேரே கணினியில் பார்ப்பவர்கள் விஎல்சியில் ‘டி’ (D) விசையை அழுத்தினால் அதே கோடுகள் போகும்.

பென்டிரைவைப் பழைய டிவிடி பிளேயரில் செருகுவதென்றால் அது ஃபேட்32 (FAT32) முறையில் ஃபோர்மட் செய்ததாக இருக்க வேண்டும். பழைய பிளேயர்கள் பல புது வகை எம்பி4 ஃபைலைத் திறக்காது. டிவியின் யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.

பார்க்கும் முறை

ஓர் இரவுக்கு இரண்டு எபிசோட். அதற்கு மேல் போனால் ஒரே பகிடி திரும்பத் திரும்ப வருவது உறுத்தும். வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்கென்று எழுதியது. முதல் எபிசோடைக் கட்டாயம் முதலிலேயே பாருங்கள். வகுப்பில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகமாவதும், ரஞ்சித் சிங்கும் பாகிஸ்தானி அலியும் முட்டிக்கொள்வதும் அங்கேதான். பின்னால் வரும் பகிடிகளுக்கு வேர் அது. முதல் சீசன் முடிந்து இரண்டாவதில் புது மாணவர்கள் வந்து சேர்வார்கள். வரிசை குழம்பினால் இவர் யார் என்று விழிக்க வேண்டிவரும். டிஸ்க் மெனுவின் வரிசை தப்பாக இருந்தால் எபிசோட் பெயரைக் கொண்டு சரிபாருங்கள்.

பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஜப்பானியர் குனிந்துகொண்டே இருப்பார், சீனப் பெண் மாவோ புத்தகத்தை விடமாட்டாள், இந்தியப் பெண் ஜமீலா பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். ஒரு தேசத்தை ஒரு பழக்கமாகச் சுருக்கும் இந்த வேலைக்கு அப்போதே எதிர்ப்பு இருந்தது. 1979இல் தொடரை நிறுத்தியதற்கும் அது ஒரு காரணம். நம் பேச்சுத் தமிழை வைத்து வெளியாட்கள் செய்யும் பகிடி எப்படிச் சுடும் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் எடுக்காது.

எடுத்து வைக்கும்போது

பக்டரியில் தேயிலையை மூன்று சதவீத ஈரத்துக்கு இறக்கி, காற்றுப் புகாமல் கட்டுவார்கள். டிஸ்குக்கும் அதே பக்குவம்: இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று. நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தானே சொல்லும். அரிசியைப் போட்டு வைக்காதீர்கள், தவிடு உறைக்குள் போய்விடும். டிஸ்குகளை நிமிர்த்தி அடுக்குங்கள். பெயர் எழுதுவதானால் நடு வளையத்தில், தண்ணி மார்க்கரால். போல்பொயின்ட் பேனை வேண்டாம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்கும் நேரத்தில் பிளேயரின் பிளக்கை மட்டும் இழுத்தால் போதாது. அன்டெனா வயரையும் டிவியிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வயரைப் பிடித்துப் பிளேயருக்குப் போகும். கழற்றுமுன் டிஸ்கை வெளியே எடுத்துவிடுங்கள். கரண்ட் இல்லாமல் தட்டுத் திறக்காது, பிறகு மிஸ்டர் பிரவுன் உள்ளேயே மாட்டிக்கொள்வார்.